சினாரியோ ஏழில் இறந்தவர்

என் அக்கா இறந்துவிட்டாள் என்ற செய்தி ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்துக்கு என் கைப்பேசிக்கு வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். கல்நெஞ்சக்காரன் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். அந்தச் செய்தியை எழுதியதே நான்தான். 'உங்கள் அன்புக்குரிய வீரம்மா ஏ/பி சின்னையா அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். அவருடைய கோப்பு மூடப்பட்டுள்ளது.' இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் கொடூரமாக இல்லையா என்று முதலாளி ஹைதர் கேட்டபோது, தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தவனும் நான்தான்.

ஹைதர் எதிர் மேசையில் கறிபாப் தின்றுகொண்டிருந்தார்.

"பாஸ், டெஸ்ட் பண்றதா இருந்தா உங்க நம்பரைப் போட்டுப் பண்ணுங்க லா. எங்க அக்காவைக் கொன்னதும் நானு, துக்கச் செய்தி வாங்குறதும் நானா?"

"நான் ஒண்ணும் டெஸ்ட் பண்ணலையே."

"அப்ப இது யாரு?"

"பழைய மெசேஜ் ஏதாவது ஸ்டக் ஆகி இப்ப வந்திருக்கும். விடு, நேசன்."

விட்டேன். எங்கள் தொழிலில் 'ஸ்டக்' என்பது சாமி குத்தம் மாதிரி. அதற்கு மேல் யாரும் காரணம் கேட்பதில்லை.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. ஹைதரும் இன்னும் இரண்டு பேரும் மென்பொருள் எழுதுவார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது என் வேலை. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த வாசகர் இதுவரை ஒருவரும் இல்லை. கணினித் திரை தாழ்வாக இருந்தால் அடியில் வைத்து உயர்த்துவதற்கு என் நூல்கள் தோதானவை என்று இரண்டு வாடிக்கையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

படிக்க வைப்பதற்கு ஒரே வழி சினாரியோ. 'மாற்று என்ற பொத்தானை அழுத்தவும்' என்று எழுதினால் யார் மனதிலும் நிற்காது. 'வீரம்மாவுக்கு வருகிற சனிக்கிழமை ஒரு கல்யாணம். அன்றைக்கு அவரால் வர முடியாது. கவுண்டரில் இருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று எழுதிப் பாருங்கள், நிற்கும். ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு தொல்லை வேண்டும். தொல்லை தீர நம் பொத்தானை அழுத்த வேண்டும். கதைதான். என்ன, முடிவில் எல்லோரும் 'சேமி'யை அழுத்துவார்கள்.

இந்த நாட்டில் எந்தப் பாரத்தை எடுத்தாலும், எந்தக் கையேட்டைப் புரட்டினாலும், உதாரணத்துக்கு நிற்பவர் அலி பின் அபு. வங்கிப் பாரத்தில் கணக்குத் திறப்பவர் அவர். பள்ளிக்கூடப் பாரத்தில் பிள்ளையைச் சேர்ப்பவர் அவர். நானும் பதினேழு வருடம் அலி பின் அபுவை வைத்தே பிழைத்தேன். போன வருடக் கடைசியில் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையம் எங்கள் மென்பொருளை வாங்கியது. வந்து படுப்பவர்களில் முக்கால்வாசி நம்மவர்கள், கவுண்டரில் இருப்பவரும் நம்மவர். ஒரு தடவையாவது நம் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே ஏ/பி, அதாவது இன்னார் மகள், என்று தகப்பன் பெயரோடு, கையேட்டில் வரட்டுமே என்று எனக்கு இனப்பற்று பொங்கிவிட்டது. முதலில் மனதில் வந்த பெயரைப் போட்டேன். அக்கா பெயர்.

அக்காவும் நானும் பேசி அப்போது ஐந்து வருடம் தாண்டியிருந்தது.

கையேட்டில் அவள் நன்றாகவே வாழ்ந்தாள். சினாரியோ ஒன்றில் பதிவு செய்கிறாள். இரண்டில் கல்யாணத்துக்காக நாளை மாற்றுகிறாள். மூன்றில் சிகிச்சை முடிந்து தலை சுற்றுகிறது. தம்பி சிவநேசன் காரில் வந்து, கையெழுத்துப் போட்டு, கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போகிறான். ஐந்தில் தண்ணீர் அதிகம் குடித்து இரண்டு கிலோ கூடி நர்ஸிடம் ஏச்சு வாங்குகிறாள். ஏழாவது, கோப்பை மூடுவது எப்படி. ஒரே ஆளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கொண்டுபோக வேண்டும் என்பது சினாரியோ எழுதுவதில் ஒழுக்கம். கொண்டுபோனேன். பெயரைத் தேடு, 'மூடு' என்பதை அழுத்து, காரணத்தில் 'மரணம்' என்று தேர்ந்தெடு, உறுதி செய். நான்கே படி.

உறுதி செய்ததும் மென்பொருள் தானாகவே மூன்று காரியம் பார்க்கும். நெருங்கிய உறவுக்கு அனுதாபச் செய்தி அனுப்பும். இறந்தவரின் நாற்காலியைக் காலி என்று காட்டும். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்கு 'இடம் கிடைத்தது' என்று சொல்லும். "மனுஷன் கையே படாது, நேசன்" என்று ஹைதர் இதைப் பெருமையாகச் சொல்வார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, கிள்ளான் சென்டர் கவுண்டர், உஷாராணி பேசுறேன்."

"சொல்லும்மா."

"சினாரியோ ஏழுல செத்தவங்க இங்க வந்து நிக்கிறாங்க."

எனக்கு முதலில் நகைச்சுவையாகத்தான் பட்டது. "காபி கீபி குடுத்து உட்கார வை" என்றேன்.

"விளையாடாதீங்க அண்ணே. நேத்து நீங்க வாட்ஸாப்ல ஒரு பக்கம் அனுப்புனீங்கல்ல?"

அனுப்பியிருந்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தி அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவளுக்குப் படமெடுத்து அனுப்பி, கீழே 'இதன்படி செய்யவும்' என்று எழுதியிருந்தேன். பழைய பக்கத்தை எடுத்துவிட்டு இதை வைக்கவும் என்ற அர்த்தத்தில். பக்கத்தின் தலைப்பில் முதலில் 'சொந்தோ' என்று இருந்தது. மலாயில் உதாரணம் என்று பொருள். அந்தச் சொல் இருந்தால் சினாரியோவின் உயிர் போய்விடும் என்று நானே அதை எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: 'வீரம்மா ஏ/பி சின்னையா இறந்துவிட்டார் என்று இன்று காலை குடும்பத்தினர் தெரிவிக்கிறார்கள். அவருடைய கோப்பை உடனே மூடவும்.'

"படிச்சுட்டு கண்ணு கலங்கிட்டேன் அண்ணே. அந்த அக்கா எனக்கு ஜாக்கெட் தச்சுக் குடுத்தவங்க. பேரைத் தேடினேன், ஒரே ஒரு வீரம்மா ஏ/பி சின்னையாதான் வந்தாங்க, மூடிட்டேன். அலி பின் அபுன்னு போட்டிருந்தா சும்மா எழுதுனதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நம்மாளு பேரைப் போட்டா, செத்துட்டாங்கன்னுதானே நினைப்பேன்?"

"ஜாக்கெட்டா?" என்றேன். "கிள்ளான்லயா கடை? இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்குமா?"

"ஆமாண்ணே. எப்படித் தெரியும்?"

அந்தத் தழும்பு நான் எறிந்த கோலிக்குண்டினால் வந்தது. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தேன்.

கிள்ளானுக்குப் போகும் கொமூட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். யோசிக்கப் பிடிக்காதவனுக்கு அது பெரிய தண்டனை. ஆறு வருடத்துக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். ரத்தப் பரிசோதனை சரியில்லை, சிறுநீரகம் இரண்டும் சுருங்கிக்கொண்டு வருகிறது, கூடப் பிறந்தவர் யாராவது இருந்தால் பொருந்துமா என்று பார்க்கச் சொல்கிறார் டாக்டர் என்றாள். "கிட்னிதானே? எங்கிட்ட ரெண்டு சும்மா கிடக்கு. ஒண்ணைப் பார்சல் கட்டி அனுப்புறேன்" என்றேன். அவளும் சிரித்தாள். நான் சொன்னதை நம்பி நாள் வாங்கினாள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், வெறும் வயிற்றோடு வா என்றாள். எனக்கு அன்று மீட்டிங். உண்மையிலேயே மீட்டிங் இருந்தது, நானே கூட்டியது. பத்து மணிக்கு அவள் 'வர்றியா இல்லையா, ஒண்ணு சொல்லு' என்று அனுப்பினாள். நான் கும்பிடும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் சௌகரியமாக நினைத்துக்கொண்டேன். செய்தி இல்லையென்றால் நல்ல செய்தி என்று ஆறு வருடத்தை ஓட்டலாம். நான் ஓட்டியிருக்கிறேன்.

சுபாங் ஜெயா தாண்டும்போதுதான் அது உறைத்தது. அனுதாபச் செய்தி வாரிஸுக்குத்தான் போகும். மலாய்ப் பாரங்களில் நெருங்கிய உறவுக்கு அதுதான் பெயர், நம் வாரிசேதான். மூன்று வாரத்துக்கு முன்னால் மையத்தில் எல்லா நோயாளிகளையும் புதிதாகப் பதிந்தார்கள். அப்போது வாரிஸ் என்ற இடத்தில் அக்கா என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். ஆறு வருடம் கழித்து. பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் ஒரு டிஷ்யூ கொடுத்தார்.

மையம் கடைவீட்டு வரிசை ஒன்றின் முதல் மாடியில் இருந்தது. உஷாராணி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும், அழுது மூக்கு சிவந்திருந்தது. அவள் விரல் காட்டிய பக்கம் தாழ்வாரத்தில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். இடது முழங்கைக்கு மேல் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. மடியில் ஒரு ஜாக்கெட் துணி, அதில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

நிமிர்ந்து பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"துக்கத்துக்கு வந்தியா? சாப்பிட்டியா?"

"அக்கா, நான் சும்மா உதாரணத்துக்குத்தான்…"

"அங்க பாரு, ஒம்பதாம் நம்பர்."

கண்ணாடிக்கு உள்ளே வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம், குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதில் தடித்த ஆள் ஒருவர் படுத்திருந்தார். நாலு வருடமாக அது அக்காவின் இடம். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை. பத்தரைக்கு முடிந்து, பதினொன்றரைக்குக் கடையைத் திறந்துவிடுவாள். அந்த நேரக் கணக்கில்தான் அவள் தையலும் சாப்பாடும் உயிரும் ஓடிக்கொண்டிருந்தன. அதை நான் நான்கு படிகளில் மூடிவிட்டேன்.

மையத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் மாதவி என்னை அறைக்குள் கூப்பிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அக்காவுக்கு ஒம்பது திரும்பக் கிடைச்சிடும்ல, சிஸ்டர்?" என்றேன்.

"மேனேஜ்மென்ட்ல பேசிட்டு வேண்டியதைப் பண்ணுவோம்."

"கிடைக்குமா, கிடைக்காதா?"

"நாங்க பார்த்துட்டு சொல்றோம், மிஸ்டர் சிவநேசன்."

ஹைதருக்குப் போன் போட்டேன். மூடிய கோப்பைத் திறக்க முடியுமா என்று கேட்டேன்.

"செத்தவங்க திரும்பி வர்றதுக்கு ஒரு பட்டன் வேணும்னு யாரும் கேட்கலையே, நேசன்."

"இப்ப நான் கேட்கிறேன்."

"அடுத்த வெர்ஷனுக்கு நோட் பண்ணிக்கிறேன்."

"இது எங்க அக்கா, பாஸ்."

"புது பேஷண்ட்னு திரும்பப் பதிஞ்சிடுங்க. ஆனா வெயிட்டிங் லிஸ்ட்ல கடைசியிலதான் போய் உட்காரும். நீதானே லா அப்படி எழுதுன, யாருக்கும் குறுக்கு வழி கிடையாதுன்னு. பக்கம் பன்னெண்டு."

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என் கையேட்டிலிருந்து பக்க எண்ணோடு மேற்கோள் காட்டினார். சந்தோஷப்பட எனக்கு வழியில்லை.

சரி, படுத்திருக்கும் ஆளிடமே பேசிப் பார்க்கலாம் என்று காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் பெயர் லோகன், லோரி ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயதுக்குள்தான். என்ன சொல்லி அவரை எழுப்புவது என்று காலணியைக் கழற்றும்போதே இரண்டு மூன்று வாக்கியம் தயாரித்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க அந்த அக்காவோட தம்பியா? எனக்குத் தெரியாதுண்ணே. பதினாலு மாசமா காத்திருந்தேன். டெங்கில்ல இடம் குடுத்திருந்தாங்க, வீடு இங்க, அலைஞ்சு அலைஞ்சு வேலையே போற மாதிரி ஆயிருச்சு. நேத்து மூணேகாலுக்கு மெசேஜ் வந்துச்சு. வீட்டுல சாமி கும்பிட்டுட்டுத்தான் ஓகே குடுத்தேன். டெங்கில் இடத்தை அப்பவே விட்டுட்டேன், அஞ்சு மணிக்கெல்லாம் வேற ஆளுக்குப் போயிருச்சு. காலையில ஊசி குத்தினப்புறம்தான் அந்த அக்காவைக் கதவுல பார்த்தேன்." வலது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்திரிச்சிடட்டுமா?"

நியாயமாக நான் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். 'ஆமாம்' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் அவர் இயந்திரத்தில் ஓடும் எண்களை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ படு, தம்பி" என்று பின்னால் அக்காவின் குரல் கேட்டது. கதவில் சாய்ந்து நின்றாள். "கையை ஆட்டாத. ரத்தம் வந்துரும்." பிறகு என்னைப் பார்த்து, "வெளிய வா. உடம்பு முடியாதவன்கிட்ட போயி" என்றாள்.

சிஸ்டர் மாதவியிடம் அவளே பேசினாள். ஒன்பதாம் நாற்காலி அந்தப் பையனுக்கே இருக்கட்டும், எனக்கு எங்கே இடம் இருக்கிறது என்று பாருங்கள் என்றாள். அவர்களுடைய இன்னொரு கிளை சாலாக் செலாத்தானில் இருந்தது. அங்கே சனிக்கிழமையிலிருந்து மத்தியானம் ஒரு மணிக்கு இடம். இன்றைக்கு மட்டும் இங்கேயே, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் இயந்திரத்தில், பதினொரு மணிக்கு.

"இங்க ஒண்ணு காலியானதும் முதல் ஆளா உங்களைத்தான் கூப்பிடுவோம், அக்கா" என்றார் சிஸ்டர்.

"காலியாகுறதுன்னா?" என்று நான் இடையில் கேட்டேன்.

அவர் கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "நீங்க எழுதுனதுதான் சார். சினாரியோ ஏழு."



கவுண்டருக்கு வந்தேன். ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதை விட மனம் வரவில்லை. "உஷா, வாரிஸ் நம்பர் யார் குடுத்தது? நீங்க பழைய பைல்ல இருந்து ஏத்துனீங்களா?"

"இல்லண்ணே. டேப்லட்டைக் கையில குடுத்துருவோம், அவங்கவங்களே அடிச்சாங்க."

"அக்கா அடிக்கும்போது ஏதாவது சொன்னாங்களா? தம்பின்னு, ஏதாவது?"

அவள் பேனாவை மூடித் திறந்து மூடினாள். "அதெல்லாம் அவங்களைத்தான் கேட்கணும், அண்ணே."

பதினொரு மணிக்கு அக்காவைப் சாமான் அறைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் படுக்க வைத்தார்கள். ஊசி இரண்டும் குண்டூசி ரகம் இல்லை, கோணி ஊசி மாதிரி இருந்தன. குத்தும்போது அவள் கூரையைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் பயன்பாட்டுக் குறிப்பைப் படித்தேன். நல்ல குறிப்பு, நான்கே படி.

எனக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் அக்கா பேச ஆரம்பித்தாள்.

"உன் புக்கைப் படிச்சேன்."

"எதை?"

"நீ எழுதுனதைத்தான். கவுண்டர்ல கிடந்துச்சு. காலையில இருந்து சும்மாதானே உட்கார்ந்திருந்தேன். ஒண்ணு விடாம முழுசா படிச்சேன்."

என் முதல் வாசகி. எனக்கு முக்காலியோடு பூமிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"நல்லாத்தான் எழுதுற. அந்தப் பொம்பளைக்குக் கல்யாணத்துக்கெல்லாம் போக முடியுது. அப்புறம் மூணாவதுல வர்றான் பாரு, அந்தத் தம்பி. என்ன பேரு?"

"அக்கா…"

"சிவநேசன். நல்ல பையன். சொன்ன நேரத்துக்கு வர்றான், கையெழுத்துப் போடுறான், கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறான். கார்லாம் வச்சிருக்கான். உங்கிட்ட கார் இருக்கா?"

"இல்ல. மோட்டார் சைக்கிள்தான்."

"அதானே." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "மேல சொந்தோன்னு போட்டிருக்கலாம்லடா. அந்தப் புள்ள உஷா பாவம், காலையில என்னைப் பார்த்துட்டு எப்படி அலறிட்டா தெரியுமா?"

"அந்த வார்த்தை இருந்தா நிஜம் மாதிரி இருக்காதுன்னு எடுத்துட்டேன்."

"ஆமா. நான் உனக்கு சொந்தோதானே. சொந்தமா என்ன?"

இயந்திரம் ஒரு முறை பீப் என்றது. நர்ஸ் வந்து ஏதோ அழுத்திவிட்டுப் போனார். அக்கா வலது கையால் போர்வையைக் கழுத்து வரை இழுக்கப் பார்த்தாள், எட்டவில்லை. நான் இழுத்துவிட்டேன். தடுக்கவில்லை. அதில் எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

"சனிக்கிழமை நான் வரேன்" என்றேன். "கார் எடுத்துட்டு வரேன். ஹைதர்கிட்ட கேட்டு வாங்கிக்கலாம். சாலாக் செலாத்தானுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாயும்தான்."

"வியாழன்? அடுத்த வாரம்? அடுத்த வருஷம்?"

"பார்த்துக்கலாம்கா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவள் சிரித்தாள். அதில் கோபம் கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"ரயில் இருக்கு. சென்ட்ரல்ல மாறணும், அவ்வளவுதான்."

"முடிஞ்சு தலை சுத்துமே. சென்ட்ரல்ல அந்தப் படியெல்லாம்…"

"லிப்ட் இருக்கு." பிறகு கொஞ்சம் தணிந்து, "மத்தியானம் ஒரு மணின்னா வந்து சேர ஏழு ஆயிரும். தையலை ராத்திரி பார்த்துக்க வேண்டியதுதான். தீபாவளி உருப்படி முப்பத்திரண்டு கிடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

நான் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். இதைக் கேட்டே ஆக வேண்டும் என்று இருந்தது. காலையிலிருந்து கேட்டதற்கெல்லாம் பார்க்கலாம், சொல்கிறோம், நோட் பண்ணிக்கிறேன், அவங்களைத்தான் கேட்கணும் என்றே பதில் வந்திருந்தது. இந்த ஒன்றுக்காவது நான் நினைக்கிற பதில் வந்துவிட்டால், நாற்காலி போனாலும் ஏதோ ஒன்று மிஞ்சியது என்று ரயில் ஏறலாம்.

"அக்கா, ஒண்ணு கேட்கவா? அந்த மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு. வாரிஸ்னு என் நம்பரைப் போட்டிருக்க."

"ம்."

"இத்தனை வருஷம் கழிச்சு."

"தண்ணி கொஞ்சம் குடு. ஒரு வாய்தான், அளவு இருக்கு."

கொடுத்தேன். வாயை நனைத்துக்கொண்டாள்.

"ஏன்கா போட்ட?"

"அந்த ஜாக்கெட் கீழ விழுந்துருச்சு பாரு, எடு."

எடுத்து அவள் பையில் வைத்தேன். அதில் குத்தியிருந்த ஊசி என் விரலில் ஏறியது. "சும்மா சொல்லுக்கா. ஏன் என் நம்பரைப் போட்ட?"

அவள் தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. கேலி பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன், முகத்தில் அது இல்லை.

"அந்த இடத்துல சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்துச்சு, நேசா. காலியா விட்டுத்தான் பார்த்தேன். ரெண்டு தடவை. அடுத்த பக்கம் போக மாட்டேன்னுருச்சு."